எரியாத சுருள்



மெழுகுவர்த்தியை உவமையாக வைத்து நான் செய்த பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. இறையியல் கல்லூரியில் படித்த நாட்களிலிருந்தே அது எனக்குப் பிடித்தமான உவமை. தன்னை உருக்கிக்கொண்டு பிறருக்கு வெளிச்சம் தருகிறதே, ஊழியத்திற்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் வேறு உண்டா என்று பிரசங்க மேடையில் நின்று கேட்டிருக்கிறேன். சபையாரும் தலையசைத்திருக்கிறீர்கள். ஆசிரியர் தின ஆராதனையிலும், மகளிர் ஞாயிறிலும், வாலிபர் கூடுகையிலும் அதே மெழுகுவர்த்தியைத்தான் திரும்பத் திரும்ப ஏற்றினேன். இந்த வாரத் தியானத்தில் அந்த உவமையின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். ஏற்றக் கூடாத ஓரிடத்தில் அதை ஏற்றிவிட்டேன்.

நம் சபையின் சகோதரி ஒருவர் சென்ற ஆண்டில் ஒரு மாலை வேளையில் போதகர் இல்லத்திற்கு வந்தார். அவருடைய மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் படுக்க முடியும். அதற்கு இடையிலும் இரண்டு முறை எழுந்து மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாசத்துல ஒரு நாளாவது எங்கயாவது போய்ச் சும்மா உட்கார்ந்துட்டு வரணும்போல இருக்குதுங்க ஐயா. அப்படி நினைக்கிறது பாவமுங்களா?"

நான் அந்த மெழுகுவர்த்தியை எடுத்தேன். தன்னை உருக்காமல் வெளிச்சம் இல்லை என்றேன். உங்கள் பலன் பெரிதாக இருக்கும் என்றேன். ஜெபித்து அனுப்பிவைத்தேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு "சரிங்க ஐயா" என்று சொல்லிப் போனார். நல்ல ஆலோசனை கொடுத்துவிட்ட திருப்தியோடு நான் ஞாயிறு பிரசங்கத்தைத் தயாரிக்க உட்கார்ந்தேன்.

மூன்று மாதங்கள் கழித்து அவர் சமையலறையில் மயங்கி விழுந்தார். ஓர் இரவு முழுவதும் அவரும் அவர் மாமியாரும் ஒரே வீட்டில் இரு நோயாளிகளாகக் கிடந்திருக்கிறார்கள். காலையில் மூத்த பிள்ளை பக்கத்து வீட்டாரை அழைத்த பிறகே உதவி வந்தது. நான் மருத்துவமனைக்குப் போனபோது அவர் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார். நான் தடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல், "மெழுகு தீர்ந்து போச்சுங்க ஐயா" என்றார்.

அந்த நான்கு சொற்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று நான் செய்த ஜெபம் மிகவும் சிறியது.

அதன் பின் இரண்டு வாரங்கள் கழித்து, நம் மூப்பர் ஒருவர் என்னைத் தம் வேலைத்தலத்திற்கு அழைத்தார். கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள ஒரு வார்ப்பாலையில் அவர் உலைப் பிரிவின் மேற்பார்வையாளர். மோட்டார் பம்புகளுக்கான வார்ப்புகள் செய்கிற இடம். புதிதாக ஓர் உலை வந்திருக்கிறது, வந்து ஜெபித்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். கோவையில் இத்தனை ஆண்டுகள் ஊழியம் செய்தும், இங்குள்ள ஃபவுண்டரிகளில் உழைக்கிற எத்தனையோ குடும்பங்களை அறிந்திருந்தும், இரும்பு உருகுவதை நான் அருகிலிருந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

நான் மனத்தில் எதிர்பார்த்துப் போனது நெருப்பு. கரியும், ஊதுலையும், தீ நாக்குகளும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே நெருப்பே இல்லை. மேடையின் நடுவே ஒரு பெரிய உருளை. அதன் வாய்க்குள் உடைந்த இரும்புத் துண்டுகளைக் கொட்டினார்கள். சுவரோரம் இருந்த பெட்டியிலிருந்து வண்டு ரீங்கரிப்பதைப்போல ஒரு சத்தம் எழுந்தது. சிறிது நேரத்தில் துண்டுகள் மங்கலாகச் சிவந்தன, பின்பு செம்மஞ்சள் நிறமாயின, பின்பு ஒன்றோடொன்று சரிந்து கலந்தன. கடைசியில், கண் கூசும் வெண்மையோடு ஒரு குளம் தளும்பியது. அதன் வெப்பம் 1400 பாகை செல்சியசுக்கும் மேல் என்று மூப்பர் சொன்னார். பத்தடி தள்ளி நின்றிருந்த என் முகத்திலேயே அது அறைந்தது.

"இதைச் சுத்தி இருக்கிறது வெறும் செம்புக் குழாய்தானுங்க ஐயா" என்றார் அவர். "சுருட்டி வச்ச குழாய். கரண்ட் அதுலதான் ஓடுது. உள்ள இரும்பு உருகுது. குழாய் உருகுறதில்லைங்க."

செம்பு 1085 பாகையில் உருகிவிடும் என்பது எனக்குப் பள்ளிப் படிப்பிலிருந்து ஏதோ ஓர் ஓரத்தில் நினைவிருந்தது. தன்னைக் காட்டிலும் முந்நூறு பாகை அதிகச் சூட்டில் கொதிக்கிற ஒன்றை, அந்தச் சூட்டையே உண்டாக்குகிற செம்பு எப்படி அணைத்துக்கொண்டு நிற்கிறது? நான் கேட்டதும் மூப்பருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பணி ஓய்வுக்கு இரண்டே ஆண்டுகள் இருக்கிற மனிதர். முப்பது ஆண்டு அறிவை ஒருவர் கேட்டுக்கொள்ள வந்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? அவர் அன்று சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குத் தருகிறேன்.

முதலாவது, அந்தச் சுருள் இரும்புக்குச் சூட்டைக் கொடுப்பதே இல்லை. அடுப்பு பாத்திரத்துக்குக் கொடுப்பதுபோலத் தன் சூட்டை அது கடத்துவதில்லை. சுருளில் ஓடுவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம். அந்த உலையில் அது ஒரு நொடிக்குப் பல நூறு முறை திசை மாறுகிறது. அதனால் சுருளின் உள்ளே ஒரு காந்தப்புலம் எழுந்தும் அடங்கியும் திரும்பியும் கொண்டே இருக்கிறது. அப்படி மாறுகிற காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்தச் சுழல் மின்னோட்டம் இரும்பின் தடையை எதிர்த்து ஓடும்போது, சூடு இரும்புக்குள்ளேயே பிறக்கிறது. சுருளுக்கும் இரும்புக்கும் இடையில் கடந்து போவது காந்தப்புலம் மட்டுமே. அந்தப் புலத்துக்கென்று சூடு இல்லை.

இரண்டாவது, ஏறக்குறைய ஒரே அளவான ஓட்டம் இரண்டு உலோகங்களிலும் ஓடினாலும் இரண்டும் ஒரே அளவு சூடாவதில்லை. சுருளில் 1000 ஆம்பியர் ஓடுகிறது, சுற்றுகள் 12 என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் இரும்பு ஒற்றைச் சுற்றைப்போல நடந்துகொள்கிறது. அதன் புறப்பகுதியில் 12,000 ஆம்பியருக்கு நெருக்கமான ஓட்டம் சுற்றி வரும். சுருளின் எல்லாச் சுற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் அங்கேயும் அதே அளவுதான். ஆனால் செம்பு மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடுகிற உலோகம். எஃகின் தடை, சாதாரண நிலையிலேயே செம்பைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. உருகும் நிலையை நெருங்கும்போது அது குளிர்ந்த செம்பைப்போல அறுபது மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. எங்கே தடை அதிகமோ அங்கே சூடு அதிகம். ஏறக்குறைய 770 பாகை வரைக்கும் இரும்புக்குக் காந்தத் தன்மையும் இருப்பதால், அதுவரை அந்த ஓட்டம் மெல்லிய மேல்தோலில் நெருக்கப்பட்டு இன்னும் வேகமாகச் சூடேற்றுகிறது.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அன்று மாலை நான் வீடு திரும்பி என் துணைவியாரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒரு செய்தித்தாளை அடுப்பின் கண்ணாடிமேல் விரித்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினார். தண்ணீர் கொதித்தது, தாள் கருகவில்லை. பிறகு பழைய அலுமினியச் சட்டியை வைத்தார்; அடுப்பு ஏற்கவே இல்லை. "அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரத்துக்குத்தான் இது வேலை செய்யும் என்று கடைக்காரர் அன்றைக்கே சொன்னாரே, உங்களுக்கு எங்கே நினைவிருக்கும்?" என்றார். இறையியல் பட்டம் இதற்கெல்லாம் உதவுவதில்லை.

ஆனால் பிரியமானவர்களே, மூப்பர் சொன்ன மூன்றாவது காரணந்தான் என்னை நிற்க வைத்தது. நானாக இருந்தால் முதல் இரண்டு காரணங்களோடு பிரசங்கத்தை முடித்திருப்பேன். 'பிறருக்குள் அனலை மூட்டு, நீயோ குளிர்ந்திரு' என்று ஓர் அழகான முடிவும் சொல்லியிருப்பேன். அது பொய்யாகியிருக்கும்.

"அப்படின்னா காயில் சூடே ஆகாதுங்களா?" என்று நான் அவரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஆகாமலா? நல்லாவே ஆகுமுங்க. நாங்க குடுக்குற கரண்டுல அஞ்சுல ஒரு பங்கு போல காயிலுக்குள்ளயே சூடாப் போயிடும். தண்ணி மட்டும் நின்னுச்சுன்னா கொஞ்ச நேரத்துல காயில் போச்சுங்க."

பிறகு அவர் உலையின் பின்பக்கம் அழைத்துப்போனார். சுருளைச் சுற்றிய குழாய்களின் உட்புறம் உள்ளீடற்றது. அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக ஒரு ரப்பர் ஹோஸ் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் திரும்பி வருகிற இடத்தில் ஒரு வெப்பமானி. ஒன்றில் 44, இன்னொன்றில் 47. ஒரு சாணுக்கும் குறைவான தொலைவில் 1400 பாகையில் இரும்பு கொதிக்கிறது. இங்கே குளிப்பதற்கு வெந்நீர் விளாவும் அளவுக்குத்தான் சூடு. செம்பு குளிர்ந்திருப்பது அதன் இயல்பால் மட்டும் அல்ல. வெளியிலிருந்து இடைவிடாமல் வந்து, அதன் சூட்டை ஏற்றுக்கொண்டு வெளியேறுகிற தண்ணீராலும்தான்.

தண்ணீரைப் பற்றியே அவர் கால் மணி நேரம் பேசினார். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் விட்டால் குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்பு படிந்து, வழி சுருங்கி, ஓரிடம் மட்டும் காய்ந்து சூடேறும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அளவுக்கு மீறிக் குளிர்ந்த தண்ணீரும் ஆகாது. குழாயின்மேல் ஈரம் வியர்த்து, மின்சாரம் தாவிவிடும். செம்பு சூடாகச் சூடாக அதன் தடையும் கூடுகிறது. 10 பாகைக்கு ஏறத்தாழ 4 சதவீதம். தடை கூடினால் அதே வேலைக்கு அது இன்னும் அதிகம் சூடாகும். அதாவது, களைத்த சுருள் மேலும் விரைவாகக் களைக்கிறது.

"எல்லாத்தையும் விட முக்கியம் அதுங்க" என்று கூரைக்கு மேலே ஒரு தொட்டியைக் காட்டினார். "கரண்டு போச்சுன்னா பம்பு நின்னுடும். உலையில கரண்டு நின்னாலும் உள்ள இருக்கிற இரும்பு ஆறாதுங்களே? அந்தச் சூடு காயில்மேல ஏறும். அப்போ இந்தத் தொட்டித் தண்ணி தானா இறங்கி ஓடணும். வேலை நின்ன பிறகுதானுங்க ஐயா காயிலுக்கு ரொம்ப ஆபத்து."

நான் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 2021ஆம் ஆண்டு என் நினைவில் வந்தது. அந்த மே, ஜூன் மாதங்களில் நான் நடத்திய அடக்க ஆராதனைகளை உங்களில் பலர் அறிவீர்கள். அப்போது நான் தளரவில்லை. ஒரு நாளில் இரண்டு கல்லறைத் தோட்டங்களுக்குப் போன நாட்களிலும் என் குரல் நடுங்கவில்லை. எல்லாம் ஓய்ந்து, ஆலயம் மறுபடி திறந்து, பாடல்கள் மறுபடி ஒலித்த பிறகுதான், ஒரு சாதாரண வியாழக்கிழமை காலையில், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஓட்டம் நின்றுவிட்டது, உள்ளே கொதித்தது மட்டும் ஆறவில்லை. கூரைமேல் எனக்கென்று ஒரு தொட்டி இல்லை. போதகருக்கு எதற்குத் தொட்டி என்று நானே நினைத்திருந்தேன்.

அந்த நாட்களில் என்னை அதிகம் வாட்டியது எது என்பதும் இப்போது எனக்குப் புரிகிறது. இதே முறையில் செம்பையே உருக்க முயன்றால் என்ன ஆகும் என்று நான் மூப்பரிடம் கேட்டிருந்தேன். உருக்கலாம், ஆனால் வீணாகிற மின்சாரம் அதிகம் என்றார். பிறகு படித்தபோது காரணம் தெரிந்தது. சுருளும் செம்பு, உள்ளே இருப்பதும் செம்பு என்றால், இரண்டுக்கும் தடையில் பெரிய வேறுபாடு இல்லை; கொடுக்கிற ஆற்றலில் ஏறத்தாழ பாதி சுருளிலேயே சூடாகத் தங்கிவிடுகிறது. அந்த ஆண்டில் நான் என் சொந்தத் தம்பியையும் இழந்திருந்தேன். தம்பியை இழந்த இன்னொருவருடைய வீட்டில் நான் ஆறுதல் சொன்ன ஒவ்வொரு முறையும் பாதிச் சூடு எனக்குள்ளேயே தங்கியது. நம்மைப்போன்ற காயமுள்ளவரை நாம் தேற்றும்போது அது மற்ற எந்தத் தேற்றுதலையும்விட அதிக விலை கேட்கிறது. தேற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்டவருக்குக் கூடுதல் தண்ணீர் தேவை என்கிறேன்.

மின்காந்தத் தூண்டலை உலகுக்குக் காட்டிய மைக்கேல் ஃபாரடேயைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் ஒரு கொல்லருடைய மகன். 1791இல் பிறந்தவர், புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்துகொண்டே, கட்ட வந்த நூல்களைப் படித்து அறிவியலுக்குள் நுழைந்தவர். 1831 ஆகஸ்ட் 29 அன்று, ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் கம்பிகளைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். மற்றொன்றோடு இணைந்திருந்த காந்த ஊசி அசைந்தது. ஓட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டுமே அசைந்தது. சீராக ஓடுகையில் அசையவில்லை. மாற்றம் மட்டுமே தொடாமல் தூண்டுகிறது என்பது அன்று தெரிந்தது. தந்தை ஊதுலையில் இரும்பைச் சிவக்க வைத்தார். மகன் கண்டுபிடித்த விதி, பின்னாளில் நெருப்பே இல்லாமல் இரும்பை உருக்கியது.

ஃபாரடே சாண்டிமேனியர் என்ற ஒரு சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். 1840இல் அந்தச் சபையில் அவர் மூப்பராகவும் தெரிந்துகொள்ளப்பட்டார். அவருடைய வாழ்க்கையில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி இதே காலத்தில்தான் வருகிறது. இடைவிடாத ஆய்வுகளுக்குப் பிறகு அவர் உடலும் மனமும் தளர்ந்தன. தலைச்சுற்றலும் மறதியும் அவரை வாட்டின. 1841இல் மனைவி சாராவோடு சுவிட்சர்லாந்துக்குப் போய் மலைப்பாதைகளில் நடந்து ஓய்வெடுத்தார். பெரிய ஆய்வுகளிலிருந்து சில ஆண்டுகள் விலகியே இருந்தார். பிறகு 1845இல், ஒளியின்மேல் காந்தம் செயல்படுகிறது என்ற கண்டுபிடிப்போடு திரும்பி வந்தார். அந்த ஓய்வை வீணான ஆண்டுகள் என்று யார் சொல்ல முடியும்?

வேதத்திலும் இதே பாடம் ஓரிடத்தில் இருக்கிறது. நான்தான் அதன் ஒரு பாதியை மட்டும் பிரசங்கித்து வந்தேன். தேவனுடைய மலையாகிய ஓரேபிலே மோசே ஒரு முட்செடியைக் கண்டார்; அது எரிந்தும் அழியவில்லை. அதை வைத்து எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஆனால் யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தில், அதே தேவனுடைய மலையருகே, மோசேயின் மாமனாகிய எத்திரோ வந்து நிற்கிறார். காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களுடைய வழக்குகளைத் தீர்க்கிற மருமகனைப் பார்க்கிறார். நீர் செய்வது சரியல்ல, நீரும் தளர்ந்துபோவீர், இந்த ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்ற பொருளில் எச்சரித்து, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆட்களை ஏற்படுத்தும்படி சொல்கிறார். முட்செடியில் நடந்தது அற்புதம். எத்திரோ சொன்னது ஏற்பாடு. முட்செடியைக் கண்ட மோசேக்கே எத்திரோவின் ஏற்பாடு தேவைப்பட்டது. நானோ அந்தச் சகோதரியிடம் முட்செடியின் அற்புதத்தை எதிர்பார்த்தேன். எத்திரோ செய்ததை அவருக்குச் செய்யத் தவறினேன்.

மெழுகுவர்த்தி பொய்யான உவமை அல்ல. ஓர் இரவுக்கு அது போதும். மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில் தன்னை முழுவதும் கொடுத்து எரிகிற அன்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. நான்கு ஆண்டுகள், பத்து ஆண்டுகள் என்று நீள்கிற ஊழியத்திற்கு மெழுகுவர்த்தி போதாது. படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கிறவர்கள், சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வளர்க்கிறவர்கள், குடிப்பழக்கத்தில் சிக்கிய கணவரோடு போராடுகிறவர்கள் ஆகியோருக்குச் சொல்ல வேண்டிய உவமை அந்தச் செம்புச் சுருள். அது வேலையில் குறைவு வைப்பதில்லை. கொதிக்கிற இரும்பை விட்டு விலகி ஓடுவதும் இல்லை. தொலைவில் போனால் அதன் புலம் இரும்பை எட்டாது. அதே சமயம் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. சிலிக்கா மணலை இடித்து இறுக்கிக் கட்டிய அந்தச் சுவர் மிகவும் தடிமனானால் ஆற்றல் வீணாகும். தேய்ந்து மெலிந்தால் இரும்பு சுருளைத் தொட்டுவிடும், அது உயிருக்கே ஆபத்து. அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உலையை நிறுத்தி, பழைய சுவரை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். உலையை நிறுத்துவதை அங்கே யாரும் சோம்பல் என்று அழைப்பதில்லை.

மறுநாள் நான் என் துணைவியாரோடு அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். "அம்மா, அன்றைக்கு நான் உங்களுக்குச் சொன்னது தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் பதறி, "ஐயா, நீங்க போய் என்கிட்ட மன்னிப்புக் கேக்கலாமுங்களா?" என்றார். கேட்க வேண்டும் என்றேன். நீங்கள் கேட்டது பாவம் அல்ல, நான் அதற்கு ஒரு தொட்டியை ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றேன். தொட்டி என்றால் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. உலையைப் பற்றி முழுவதும் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு தெளிவாக வராத அந்தத் தாயார், நான் முடித்ததும், நல்ல கையை மெல்ல உயர்த்தி மருமகளைச் சுட்டிக்காட்டி, "போ... போ" என்றார். போய் வா என்பதுதான் அதன் பொருள் என்று மருமகள் அழுதுகொண்டே சொன்னார்.

இப்போது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைகளில் நம் பெண்கள் ஐக்கியத்திலிருந்து இருவர் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற செவிலியர். காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சகோதரி என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. சிங்காநல்லூர்க் குளக்கரையில் அவர் தனியாக உட்கார்ந்து பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒருவர் எனக்குச் சொன்னார். நல்லது என்றேன். எனக்கும் செவ்வாய்க்கிழமைகளில் மாலை நேரம் இப்போது என்னுடையதாக இருக்கிறது. என்னைவிட மூத்த போதகர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை போய் என் பாரங்களைச் சொல்லிவருகிறேன். செவ்வாய் மாலையில் நான் அலைபேசியை எடுக்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரமானால் என் துணைவியாரின் எண்ணுக்கு அழையுங்கள்.

உங்களில் யார் வீட்டில் இப்படி இடைவிடாமல் ஓடுகிற ஒரு சுருள் இருக்கிறதோ, அவர்கள் வெளியே பார்க்கக் குளிர்ந்தே இருப்பார்கள். முகத்தில் சிரிப்பு இருக்கும். ஞாயிறு தோறும் சரியான நேரத்துக்கு ஆராதனைக்கு வந்து உட்காருவார்கள். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று அதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். குளிர்ந்திருப்பவருக்கு எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, இன்னும் எத்தனை நாள் வரும் என்று கேளுங்கள். இந்த வாரம் அப்படி ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டி, "இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லுங்கள். ஆலோசனை எதுவும் சொல்ல வேண்டாம், உவமையும் வேண்டாம்.

நீங்களே அந்தச் சுருளாக இருந்தால், கேட்கத் தயங்காதீர்கள். முன்பு கேட்டவருக்கு நான் தவறான பதிலைச் சொன்னேன். இனி அப்படிச் சொல்லமாட்டேன். போதகர் இல்லத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்கியிருப்பதாக.

அன்புடன்,
உங்கள் போதகர்